சொல்லாமல் விட்ட வாக்கியம்

'பக்க விளைவு' என்னும் சொல் நம் நாவில் எளிதாகப் புரள்கின்றது. மருந்துக் கடையில் கேட்கின்றோம், செய்தித்தாளில் படிக்கின்றோம், திருமண வீட்டுப் பந்தியிலும் அதனைப் பேசுகின்றோம். மருந்து செய்ய வந்த நன்மை நடுவில் நிற்க, உடன் வந்த தீமை ஓரமாய் ஒதுங்கி நிற்பது போன்ற ஒரு தோற்றத்தை அச்சொல் உண்டாக்குகின்றது. ஆனால் உடலுக்குள் நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. எலும்பைத் தேடிச் சென்ற மருந்து சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டு வெளியேறும்போது, அச்சிறுநீரகத்திற்கு நேர்வது விளைவே அன்றிப் பக்க விளைவு அன்று. எது நடு, எது பக்கம் என்று பிரித்தவர் மருந்தை எழுதிக் கொடுத்தவர். அதனை உடலில் ஏற்றுக்கொண்டவர் அல்லர்.

இத்தெளிவை நான் நூல்களைப் படித்துப் பெற்றேன் என்று சொல்வதற்கில்லை. என் தாயாருக்காக நான் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றில் ஒரு வாக்கியம் குறைந்தது. அந்தக் குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எலும்பைக் கல்லைப் போல் உயிரற்றதென்று கருதுவோர் பலர். உண்மையில் அஃது ஓயாமல் இடித்துக் கட்டப்படும் வீடு. ஒருவகை உயிரணு பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொரு வகை புதியதைக் கட்டுகின்றது. முதுமையில், சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடம், கட்டுவதை விட அரிப்பது விஞ்சிவிடுகின்றது. எலும்பு உள்ளே புரையோடுகின்றது. பிஸ்பாஸ்போனேட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் அந்த அரிக்கும் உயிரணுக்களை அடக்குகின்றன. இக்குடும்பத்தின் பூர்வீகம் விந்தையானது. நீர்க்குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் தடுக்க ஆலைகள் கையாண்ட வேதிப்பொருள்களின் உறவினம் இது. சுண்ணாம்பைப் பற்றிக்கொள்ளும் பொருள் எலும்பையும் பற்றிக்கொள்ளும் என்பதை, 1960-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷும் அவருடைய உடனாய்வாளரும் உலகுக்குக் காட்டினர்.

இம்மருந்தை உடல் செரித்து வேறொன்றாக மாற்றுவதில்லை. எலும்பு பற்றிக்கொண்டது போக எஞ்சியது, வந்த உருவம் மாறாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டும். அதற்கு வேறு வாயில் இல்லை. மாத்திரையாக உட்கொண்டால் நூற்றில் ஒரு பங்குகூடக் குருதியில் சேர்வதில்லை. ஆதலின் மாத்திரையால் சிறுநீரகத்திற்கு நேரும் இடர் மிகச் சிறிது. நாளத்தின் வழியே நேராக ஏற்றும்போதுதான் சிறுநீரகம் அதன் முழுப் பாரத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கின்றது. 2001-இல் நியூயார்க் ஆய்வாளர்கள், பாமிட்ரோனேட் என்னும் இவ்வின மருந்தை மிகுதியாகப் பெற்ற 7 நோயாளிகளின் சிறுநீரக வடிகட்டிகள் சுருங்கிச் சிதைந்திருந்ததை எடுத்துரைத்தனர். 2003-இல், சோலெட்ரோனிக் அமிலம் பெற்ற 6 நோயாளிகளிடம் நுண்குழல்களின் உயிரணுக்கள் நஞ்சேறி மடிந்ததைக் கண்டனர்.

இவ்வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த செய்தி ஒன்று உண்டு. புற்றுநோயாளிகளிடம் சோலெட்ரோனிக் அமிலத்தைச் சோதித்தபோது, தொடக்கத்தில் அதனை 5 நிமிடத்தில் ஏற்றினர். சிறுநீரகங்கள் தளர்வதைக் கண்டு, சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அதனை 15 நிமிடமாக மாற்றினர். 8 மில்லிகிராம் பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு 4 ஆகக் குறைத்தனர். அதே மருந்து, அதே உடல். இடையில் இருந்தது பத்து நிமிடப் பொறுமை. தீங்கு மருந்தின் இயல்பில் மட்டும் குடியிருக்கவில்லை. அதனைக் கொடுக்கும் கையின் வேகத்திலும் குடியிருந்தது. 2007-இல் இம்மருந்து ஆண்டுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் என்ற கணக்கில் எலும்புப்புரை நோய்க்கும் வந்தது. உயிரிழப்புகள் சிலவும் அறிவிக்கப்பட்ட பின்னர், 2011 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு நிமிடத்திற்கு 35 மில்லிலிட்டருக்குக் குறைந்தவர்களுக்கு இதனைக் கொடுக்கலாகாது என்று வரையறுத்தது. ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் குருதியைச் சோதிக்க வேண்டும். நோயாளி நீர் குறையாமல் இருக்க வேண்டும். சிறுநீரகத்தின் குருதியோட்டத்தைக் குறைக்கும் டைக்ளோபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகளை அவர் உண்கின்றாரா என்று அறிய வேண்டும். இவையெல்லாம் இன்று எழுதி வைக்கப்பட்ட விதிகள்.

இவ்வளவும் கேட்டு, இம்மருந்து வேண்டாம் என்று எவரும் எழுந்துவிடலாகாது. 2007-இல் வெளிவந்த பேராய்வில் ஏறத்தாழ 7,700 பெண்களை மூன்றாண்டுகள் கவனித்தனர். மருந்து பெற்றவர்களிடம் முதுகெலும்பு முறிவு நூற்றுக்கு 70 பங்கும் இடுப்பெலும்பு முறிவு நூற்றுக்கு 41 பங்கும் குறைந்தன. ஏற்றிய சில நாள்களில் சிலருக்குச் சிறுநீரக அளவு சற்றே ஏறினும், மூன்றாண்டின் முடிவில் இரு சாராரிடமும் வேறுபாடு காணப்படவில்லை. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்களின் கதி என்னவென்பதை நம் குடும்பங்கள் அறியும். ஆகவே நான் எழுப்பும் வினா மருந்து நல்லதா கெட்டதா என்பதன்று. நன்மை பெரிது, தீமை சிறிது என்று தராசு காட்டும்போது, அந்தச் சிறிய தீமையை உரியவருக்குச் சொல்லாமல் விடலாமா என்பதே.

என் தாயார் நாற்பதாண்டுக் காலம் பால்மரம் சீவியவர். விடியற்காலை இருளில் நெற்றி விளக்குடன் நடந்து, குனிந்து நிமிர்ந்து, வாளி சுமந்து வளர்ந்த எலும்பு அவருடையது. 2018-இல், தமது 79-ஆம் வயதில், குளியலறையில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பிலும் ஒரு பழைய முறிவு இருந்தது; அஃது எப்போது நேர்ந்ததென்று அவருக்கே தெரியாது. மருத்துவர் ஆண்டுக்கொரு முறை ஏற்றும் மருந்தைப் பரிந்துரைத்தார்.

அம்மாவுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாகவே வரும். மீன் விலை பேசுவதில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் மருத்துவரின் விளக்கம் அந்த மொழிக்குள் அடங்குவதாக இல்லை. அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். காய்ச்சல் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார், அதனைச் சொன்னேன். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்னரே பிடுங்கிவிட வேண்டும் என்றார், அதனையும் சொன்னேன். அம்மா சிரித்து, பிடுங்குவதற்கு எங்கே பல் என்றார். பிறகு மருத்துவர், "சிலருக்கு இது சிறுநீரகத்தைப் பாதிக்கும், அவர் வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கின்றாரா?" என்று கேட்டார். நான் அம்மாவிடம் திரும்பி, "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன். இரத்த அழுத்த மாத்திரை ஒன்று என்றார். அவ்வளவுதான். படிவத்தில் பெருவிரல் போன்ற நடுங்கும் கையெழுத்து ஒன்றை இட்டார்.

ஏன் அந்த முற்பாதியை விழுங்கினேன்? காரணம் எளிது. எங்கள் லயத்தில் இருந்த என் பெரியம்மா டயாலிசிஸ் செய்துகொண்டே இறந்தவர். சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நலத்திற்காகவே மறைத்தேன். அன்று எனக்கு அஃது அன்பாகத் தோன்றியது. உண்மையைச் சொல்வதாயின், வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தனர். எனக்கும் வேலை இருந்தது. அன்பும் அவசரமும் ஒரே வேடத்தில் வரும்போது எது எதுவென்று அறிவது கடினம்.

தமிழாசிரியனாகிய நான் என் செயலுக்கு அரண் தேடாமல் இருப்பேனா? வள்ளுவரின் வாய்மை அதிகாரம் நினைவுக்கு வந்தது. தீமையற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று அவர் கூறியிருப்பதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகின்றோம். மாணவர்களும் உற்சாகமாகக் கேட்பார்கள். பொய்க்கு உரிமம் கிடைத்தது போன்ற மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரியும். நோயாளியிடம் உண்மையை மறைக்கும் மகன் என்னும் எடுத்துக்காட்டை நானே பலமுறை கூறியிருக்கின்றேன். ஆயினும் அக்குறளை மீண்டும் ஊன்றிப் படித்தபோது, அதன் பாரம் நன்மை என்னும் சொல்லில் இல்லை, அந்நன்மைக்கு அவர் இட்ட அடைமொழியில் இருக்கின்றது என்று கண்டேன். குற்றம் சிறிதும் கலவாத நன்மையாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. குற்றம் கலவாதது என்று தீர்மானிப்பவர் யார்? மறைப்பவனே நீதிபதியாகவும் அமர்ந்துகொண்டால், உலகில் குற்றம் கலந்த பொய் ஒன்றுகூட இராது. இங்கே மருந்தின் நன்மையோ, இடர் கலந்தது என்று அதனைச் செய்தவர்களே எழுதி ஒட்டிய நன்மை. என் வழக்கு அக்குறளின் முன் நில்லாது.

நான் பொய் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே விட்டேன் என்றும் ஒரு வாதம் உண்டு. மொழிபெயர்ப்புத் தாளில் ஒரு வாக்கியத்தை விட்டுவிடும் மாணவனிடம் இவ்வாதத்தை நாம் ஏற்பதில்லை; மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகின்றோம்.

மேலைநாட்டு அறநூலார் இவ்விடத்தில் வேறொரு வாயிலைத் திறந்து வைத்துள்ளனர். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தற்காப்புக்காக ஒருவன் தாக்கும்போது தாக்கவந்தவன் இறப்பதைப் பற்றி எழுதுகையில், ஒரு செயலுக்கு இரு விளைவுகள் இருத்தல் கூடும். ஒன்று நோக்கம், மற்றது நோக்கத்திற்கு வெளியே நிற்பது என்று பிரித்தார். பின்வந்தோர் அதனை விரித்து, நல்ல நோக்கத்துடன் செய்யும் செயலில் முன்னறிந்த தீமை ஒன்று வருமாயினும், அது நன்மைக்குக் கருவியாகாமலும் நன்மையை விட மிகாமலும் இருப்பின் செய்யலாம் என்றனர். எலும்பு மருந்தை எழுதும் மருத்துவர் இவ்விதியின்படி குற்றமற்றவர். சிறுநீரகம் கெட வேண்டுமென்று அவர் எண்ணவில்லை. சிறுநீரகம் கெடுவதால் எலும்பு வலுப்பெறுவதும் இல்லை. நல்ல வாதம்தான். ஆயினும் அது செய்பவனின் மனத்தைக் கழுவிக் கொடுக்கும் அளவுக்கு, ஏற்பவரின் நிலையைக் கருதவில்லை. போர்க்களத்து எதிரியிடம் அனுமதி கேட்பதற்கில்லை. மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாயிடம் கேட்கலாம் அல்லவா? கேட்க முடிந்த இடத்தில் கேளாமல் இருந்துவிட்டு, என் நோக்கம் தூயது என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

நீதிமன்றங்கள் இதில் தத்துவத்தை விட விரைவாக நடந்திருக்கின்றன. 1992-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. ஒரு கண் பழுதான பெண்மணி அக்கண்ணில் அறுவை செய்துகொண்டார். நல்ல கண்ணும் பார்வை இழந்தது. அவ்வாறு நேர்வது 14,000 அறுவைகளில் ஒன்றில்தான். அவ்வளவு அரிய இடரையும் சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. மருத்துவர்கள் வழக்கமாக எதைச் சொல்கின்றார்கள் என்பது அளவுகோல் அன்று; அந்நோயாளியின் இடத்தில் இருப்பவர் எதனை முக்கியமாகக் கருதுவார் என்பதே அளவுகோல். 2006 டிசம்பரில் நம் மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும், அறுவைக்குப் பின் முடமான பெண் ஒருவரின் வழக்கில் இவ்வளவுகோலையே ஏற்றது. 14,000 என்னும் எண்ணை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இரு கண்ணும் நலமாக உள்ளவருக்கு அது வெறும் எண். ஒரே கண் உள்ளவருக்கு அவ்வெண்ணின் எடை வேறு. சொந்த அக்காள் டயாலிசிஸில் இறந்ததைப் பார்த்தவருக்குச் சிறுநீரகம் என்ற சொல்லின் எடையும் அவ்வாறே வேறு. அந்த எடையைக் காரணம் காட்டித்தான் நான் சொல்லாமல் விட்டேன். நீதிமன்றமோ அதே எடையைக் காரணம் காட்டிச் சொல்ல வேண்டும் என்கின்றது.

ஆனால் என் செய்தியில் சட்டம் நுழைய இடமில்லை. மருத்துவர் சொன்னார், தம் கடனை முடித்தார். சொல் மேசையைக் கடந்து என்னிடம் வந்து, என்னிடமே நின்றுவிட்டது. மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை வள்ளுவர் எண்ணும்போது நோயாளியை முதலில் வைத்து, மருத்துவரையும் மருந்தையும் சொல்லி, உடனிருந்து பணி செய்பவரை நான்காவதாக வைத்தார். கஞ்சி காய்ச்சுவதும் கைத்தாங்கலாக நடத்துவதும்தான் அந்நான்காமவரின் பணி என்று எண்ணியிருந்தேன். இந்நாட்டில் அவருக்கு இன்னொரு பணியும் உண்டு: சொல்லைச் சுமப்பது. நம் மாணவர்களுள் எத்தனை பேர், பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளினிக்கில் நின்று, மலாயில் கேட்டுத் தமிழில் சொல்லியிருக்கின்றார்கள்! அப்பிள்ளைகள் எதை விழுங்குகின்றார்கள், எதைக் கூட்டுகின்றார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஓர் ஆண்டு கழிந்தது. 2019-இல் இரண்டாம் முறை ஏற்றுவதற்கு முன் குருதியைச் சோதித்தனர். புதிதாக வந்திருந்த இளம் மருத்துவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இருவர் 1976-இல் வகுத்த வாய்பாடு அது. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினின் அளவை 72-ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும், பெண்ணாயின் 0.85-ஆல் பெருக்க வேண்டும். முந்திய ஆண்டு அம்மாவுக்கு வயது 79, எடை 46 கிலோ, கிரியேட்டினின் 0.9. கணக்கிட்டால் ஏறத்தாழ 37. எல்லைக்கோட்டுக்கு இரண்டே படி மேலே. இவ்வாண்டு வயது 80, எடை 45, கிரியேட்டினின் 1.1. விடை 29. சோதனைத் தாளில் 1.1 என்னும் எண் பார்ப்பதற்குச் சாதுவாகவே இருந்தது. தசை வற்றிய மெலிந்த மூதாட்டிகளிடம் அவ்வெண் உண்மையை மூடி மறைக்கும் என்றார் மருத்துவர். எலும்பு எளிதில் முறியக்கூடிய மெலிந்த முதியவரே இம்மருந்து மிகவும் தேவைப்படுபவர். அவருடைய சிறுநீரகமே இதனைத் தாங்க இயலாததாகவும் இருக்கின்றது. இம்முடிச்சை எந்த அறநூலும் அவிழ்த்துவிடாது.

மருந்து இவ்வாண்டு இல்லை என்றார். சிறுநீரகத்தின் வழி வெளியேறாத வேறோர் ஊசி உண்டு. ஆனால் சிறுநீரகம் மிகத் தளர்ந்தவர்களிடம் அது குருதியின் சுண்ணாம்புச் சத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும், இடையில் நிறுத்தினால் முதுகெலும்பு முறியவும் கூடும். யோசித்துச் செய்வோம் என்றார். 37 எவ்வாறு 29 ஆயிற்று? மருந்தும் காரணமாகலாம், முதுமையும் காரணமாகலாம், வேறு ஏதேனும் இருக்கலாம், பிரித்துச் சொல்வதற்கில்லை என்றார். அவர் சொன்ன அச்சொற்களால் என் நெஞ்சு சற்று இலகுவாகியது என்பதையும் மறைப்பதற்கில்லை. என் மௌனம் தீங்கு விளைவித்ததென்று யாரும் மெய்ப்பிக்க இயலாது! பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-இல் எழுப்பிய வினா ஒன்று இதுதான்: விளைவு நம் கையில் இல்லாதபோது, பழி மட்டும் விளைவைப் பொறுத்து ஏறி இறங்குவது முறையா? அவர்கள் எழுதியவற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றியது வேறு. அம்மாவின் எண் 37-ஆகவே நின்றிருந்தாலும் அந்த வாக்கியம் அவருடையதுதான். நான் அதனை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து எங்கே செல்கின்றது, எவ்வழியே வெளியேறுகின்றது, சிறுநீரகம் எவ்வாறு தளரும், நீர் குறைந்தால் என்னாகும், எந்தெந்த மாத்திரைகள் அதனோடு சேரலாகாது என்று, இளம் மருத்துவர் சொல்லச் சொல்ல ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். தாதி இருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா எழுந்து வெளியே போகவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன வருசமும் இது இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சும்மா."

"டாக்டரு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அம்மா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். கோபம் என்று சொல்வதற்கில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பள்ளிக் கட்டணத்தில் இருபது காசு குறைத்துக் கொடுத்த நாளில் பார்த்த பார்வை அது. பிறகு, பேருந்தில் வரும் நாளெல்லாம் வழியில் தொந்தரவு வேண்டாமென்று விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றும், சென்ற ஆண்டு மருந்தேற்றிய அன்றும் அவ்வாறே வந்ததாகவும் சொன்னார். நான் அதனை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மடியில் இருந்த துணிப்பையைத் திறந்து, வெற்றிலைப் பொட்டலத்திற்கும் அடையாள அட்டைக்கும் கீழே துழாவி, நாளிதழ்த் துண்டில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். முட்டிவலிக்கென்று பழைய தோட்டத்துத் தோழி வாங்கிக் கொடுத்ததாம். மூன்றாண்டாக இரவில் ஒன்று. பாதி தீர்ந்திருந்த மாத்திரைப் பட்டையின் முதுகில் டைக்ளோபினாக் என்று அச்சிட்டிருந்தது.

"இதையும் கேளு" என்று அதனை மேசைமேல் வைத்தார்.